கழிவு என்ற சொல்லுக்கு ஒரு விலை

சென்ற மாதம் என் ஆய்வேட்டின் தலைப்பில் ஒரு சொல்லை மாற்ற அனுமதி வேண்டி ஆய்வுக்குழுவுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். ஐந்தாம் ஆண்டில் தலைப்பை மாற்றுவது எத்தகைய அலைச்சல் என்பதை அவ்வழியே போனவர்கள் அறிவார்கள். படிவங்கள், கையொப்பங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ‘இப்போது எதற்கு இது?’ என்ற கேள்வி. ‘சர்க்கரைத் தொழிற்சாலைக் கழிவுகளில் வளரும் நுண்ணுயிரிகள் வழியே மக்கும் நெகிழி’ என்பது பதிவான தலைப்பு. அதில் ‘கழிவுகளில்’ என்பதை எடுத்துவிட்டு ‘துணைவிளைபொருளிலும் கழிவுநீரிலும்’ என்று எழுத விரும்புகிறேன். குழுவில் ஒருவர், என்மீது உண்மையான அக்கறை உள்ளவர், அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தத் துறைக்கு நிதியே வருகிறது என்பதை நினைவூட்டினார்.

அவர் சொன்னது மெய்தான். அந்த மெய்தான் என்னை உறுத்துகிறது. ஏன் என்பதை இங்கே எழுதிப் பார்க்கிறேன். பதிவு நீளும். வேதியியல், பொருளியல், தமிழ் இலக்கியம் என்று பல துறை நண்பர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பதால் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன். துறை சார்ந்தவர்கள் நான்கைந்து பத்திகளைத் தாண்டிச் செல்லலாம்.

நம் உடல் கொழுப்பைச் சேர்த்து வைப்பதைப் போலச் சில பாக்டீரியாக்கள் நெகிழியைச் சேர்த்து வைக்கின்றன. கார்பன் தாராளமாகக் கிடைத்து, நைட்ரஜனோ பாஸ்பரஸோ பற்றாக்குறையாகும்போது செல் பிரிந்து பெருக வழியில்லை. உள்ளே வந்துகொண்டிருக்கும் சர்க்கரையை அது வீணாக்குவதில்லை. பாலிஹைட்ராக்ஸிஆல்கனோயேட், சுருக்கமாகப் பி.எச்.ஏ., என்ற பாலியெஸ்டராகக் கோத்துச் சிறு மணிகளாக உள்ளேயே அடுக்குகிறது. நல்ல விளைச்சலில் நெல்லைக் குதிரில் கொட்டி மூடுவதைப் போல. பஞ்சம் வந்தால் அந்த மணிகளைத் தானே செரித்துக்கொள்ளும். நைல் சிவப்புச் சாயம் ஏற்றி ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்த்தால் இருட்டில் கனல் துண்டுகளாக அவை மின்னும். எத்தனையோ முறை பார்த்தாகிவிட்டது, இன்னும் அலுக்கவில்லை.

இக்குடும்பத்தில் மிகவும் அறியப்பட்டது பி.எச்.பி. எனப்படும் பாலிஹைட்ராக்ஸிபியூட்ரேட். பாஸ்டர் ஆய்வகத்தைச் சேர்ந்த மோரிஸ் லெமுவான் 1926இல் பேசில்லஸ் மெகாடீரியம் என்ற பாக்டீரியாவில் அதை அடையாளம் கண்டு எழுதினார். நம் கடைத்தெருவை இன்று நிறைத்திருக்கும் பாலிப்ரொப்பிலீன் பிறப்பதற்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு முன்பே பாக்டீரியா நெகிழி அறிவியலுக்குத் தெரிந்திருந்தது என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில், 170 டிகிரி செல்சியஸைச் சற்றுத் தாண்டி, உருகுகின்றன. பி.எச்.பி. எளிதில் நொறுங்கும். அதனோடு வேலரேட் என்ற அலகைக் கலந்து கோக்கும் நுண்ணுயிரிகளிடமிருந்து சற்று வளையும் நெகிழி கிடைக்கும். மண்ணிலும் கடலிலும் இவற்றை உண்ணும் நொதிகள் கொண்ட உயிரிகள் இயல்பாகவே இருக்கின்றன. மக்காச்சோளத்திலிருந்தும் கரும்பிலிருந்தும் வரும் பாலிலாக்டிக் அமிலம் அப்படியன்று. 58 டிகிரியை ஒட்டிய வெப்பம் காக்கும் தொழில்முறை உரக்கிடங்கு இருந்தால்தான் அது ஒழுங்காக மக்கும். ‘மக்கும் நெகிழி’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கமாகிவிட்டது. மக்குவது எங்கே என்ற கேள்வி அதில் தொலைந்துபோகிறது.

இந்தத் துறையின் நாயக பாக்டீரியா குப்ரியாவிடஸ் நெகேட்டர். உலர் எடையில் எண்பது விழுக்காடு வரை நெகிழியாகவே இருக்கும் அளவுக்குக் கொழுக்கக்கூடியது. வகைபிரிப்பாளர்கள் இதற்கு அல்கலிஜீனஸ் யூட்ரோஃபஸ், ரால்ஸ்டோனியா யூட்ரோஃபா, வாட்டர்சியா யூட்ரோஃபா என்று முன்பு பல பெயர்கள் சூட்டியிருக்கிறார்கள். இலக்கியத் தேடலில் எல்லாப் பெயரையும் இட்டுத் தேடாத மாணவர் பாதி வரலாற்றை இழப்பார்.

அந்த வரலாற்றை ஒரு வரியில் சொல்வதானால், நுண்ணுயிரி ஒருமுறையும் தோற்கவில்லை, கணக்குப் புத்தகம்தான் ஒவ்வொரு முறையும் தோற்றது. பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் பயோபோல் என்ற பெயரில் இதைச் செய்தது. 1990இல் ஜெர்மனியில் வெல்லா நிறுவனத்தின் ஷாம்பு அந்த நெகிழிப் புட்டியில் கடைக்கு வந்தது. பயோபோல் பின்னர் செனிகாவுக்கும், 1996இல் மான்சான்டோவுக்கும், 2001இல் மெட்டபாலிக்ஸுக்கும் கைமாறியது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆண்டுக்கு 50,000 டன் செய்யும் ஆலையை மெட்டபாலிக்ஸும் தானிய வணிகத்தில் பெருநிறுவனமான ஏ.டி.எம்.மும் சேர்ந்து எழுப்பின, 2012இல் ஏ.டி.எம். விலகிக்கொண்டது. டேனிமர் சயன்டிஃபிக் 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்புக்கு விண்ணப்பித்தது. ஜப்பானின் கனேகா தாவர எண்ணெயிலிருந்து செய்து இன்னும் நிலைத்து நிற்கிறது.

எல்லா ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரையிலும் இதற்கு ஒரே காரணம் எழுதப்பட்டிருக்கும்: செலவில் பெரும்பங்கு நுண்ணுயிரிக்கு இடும் சர்க்கரைக்கே போகிறது, ஆகவே சர்க்கரைக்குப் பதில் தொழிற்சாலைக் கழிவை இட்டால் விலை இறங்கும். நானும் அந்த ‘ஆகவே’யை நம்பித்தான் மகாராட்டிரத்துக்கு வந்தேன். கரும்பு இருக்கும் இடத்தில் கழிவுக்குப் பஞ்சமா என்ன?

தமிழில் மொலாசஸைக் கழிவுப்பாகு என்கிறோம். பெயரிலேயே கழிவு இருக்கிறது. மராத்தியில் அதை மளி என்கிறார்கள். ஆற்றில் ஆலைக் கழிவுநீர் கலந்து மீன்கள் செத்து மிதக்கும்போது கோலாப்பூர் நாளிதழ்கள் ‘மளி கலந்த நீர்’ என்றே எழுதும். தொட்டியில் இருக்கும் இனிப்புப் பாகுக்கும் ஆற்றில் வரும் கரிய நீருக்கும் பேச்சில் ஒரே சொல். என் முழு ஆய்வும் இந்தச் சொற்குழப்பத்துக்குள்தான் நடந்திருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

கோலாப்பூர் மாவட்டத்தில் ஓர் ஆலை எங்களுக்கு மாதிரிகள் கொடுத்துவந்தது. அதன் ஆய்வகப் பொறுப்பாளர் வயதில் மூத்தவர். நான் அவரைக் ‘காகா’ என்பேன். அவர் என்னைத் ‘தாயி’ என்பார். மராத்தியில் தாயி என்றால் அக்காள். வயதில் இளைய பெண்களையும் மரியாதைக்கு அப்படி அழைப்பது அங்கே வழக்கம். அரவைப் பருவத்தில், அதாவது நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில், பேருந்தில் போய் இரண்டு கேன்களில் மொலாசஸ் வாங்கி வருவது என் வேலை. ஒருமுறை, ஆய்வகக் கையேட்டில் ‘கழிவு மாதிரி’ என்று நான் எழுதியதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தாயி, இதைக் கழிவு என்று எழுதாதீர்கள். எங்கள் தணிக்கையாளர் பார்த்தால் என்னை உள்ளே வைத்துவிடுவார்” என்றார். மொலாசஸ் தொட்டியின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஆலையில் கணக்கு உண்டு. வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகக் கலால் துறையின் அனுமதி வேண்டும். எந்தக் கழிவைக் கொண்டுபோகக் கலால் அனுமதி கேட்பார்கள்?

அவர் வேடிக்கையாகச் சொன்னதை அரசே பின்னர் உறுதி செய்தது. பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டம் வேகம் பிடித்திருந்த நேரம் அது. மழை பொய்த்துக் கரும்பு குறையும் என்ற அச்சத்தில், 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து நேராக எத்தனால் செய்வதற்கு ஒன்றிய அரசு தடையும் பின்பு வரம்பும் விதித்தது. எத்தனாலின் பாரத்தில் ஒரு பங்கு மொலாசஸ்மேல் விழுந்தது. கடைசி வடிப்பில் மிஞ்சும் சி வகை மொலாசஸிலிருந்து வரும் எத்தனாலுக்கு லிட்டருக்கு 6.87 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் மொலாசஸ் ஏற்றுமதிக்கு 50 விழுக்காடு வரி வந்தது. ஒரு நாடு தன் எல்லையைத் தாண்டிப் போகவிடாமல் வரி போட்டுத் தடுத்த பொருளை நான் என் முன்னுரையில் ‘மலிவாகக் கிடைக்கும் தொழிற்கழிவு’ என்று எப்படி எழுதுவது?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம், கடினமானதன்று. குளுக்கோஸின் மூலக்கூற்று எடை 180. அதன் ஆறு கார்பன்களில் இரண்டு, கார்பன்-டை-ஆக்ஸைடாக வெளியேறிவிடுகின்றன. மிஞ்சும் நான்கிலிருந்து 86 எடையுள்ள ஒரு பி.எச்.பி. அலகு உருவாகிறது. ஆக ஒரு கிலோ சர்க்கரையிலிருந்து, எந்த மேதை வந்தாலும், 0.48 கிலோவுக்கு மேல் நெகிழி எடுக்க இயலாது. நுண்ணுயிரி தானும் உயிர்வாழ வேண்டுமாதலால் நடைமுறையில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் நல்ல விளைச்சல். ஒரு கிலோ நெகிழிக்கு மூன்று கிலோ சர்க்கரை. மொலாசஸில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே சர்க்கரை உண்டு. எனவே ஆறரைக் கிலோ மொலாசஸ். டன் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூலப்பொருளுக்கு மட்டும் 65 ரூபாய். அதே ஆறரைக் கிலோவை வடிப்பாலைக்கு அனுப்பினால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் எத்தனால் வரும். 2023-24 பருவத்தில் லிட்டருக்கு 56 ரூபாய்க்குச் சற்று மேல் கொடுத்து எண்ணெய் நிறுவனங்கள் வாங்கிக்கொண்டன. அதாவது, உறுதியான வாடிக்கையாளர் எண்பது ரூபாய்க்கு மேல் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். கடைத்தெருவில் பாலிப்ரொப்பிலீனோ கிலோ நூறு ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. மீதியிருக்கும் முப்பத்தைந்து ரூபாய்க்குள் கொதிகலன் நீராவி, காற்றூட்டும் மின்சாரம், செல்லை உடைத்து நெகிழியைப் பிரிக்கும் செலவு, ஆள்கூலி, கடன் வட்டி எல்லாம் அடங்க வேண்டும்.

மொலாசஸ் ஒன்று மட்டும் இப்படி ஆனதென்றால் விட்டுவிடலாம். ஆனால் இத்துறையின் பழைய கட்டுரைகளைப் புரட்டினால், அவற்றில் ‘கழிவு’ என்று வாழ்த்தப்பட்ட பொருள்கள் ஒவ்வொன்றாக அந்தப் பட்டியலிலிருந்து நழுவியிருப்பதைக் காணலாம். பாலாடைக்கட்டி செய்த பின் வடியும் நீரில் லாக்டோஸும் புரதமும் உண்டு. இன்று அது உடற்பயிற்சிக் கூடங்களில் டப்பா டப்பாவாக விற்கும் புரதமாவு. சமைத்த எண்ணெயை இப்போது பயோடீசலுக்குச் சேகரிக்கிறார்கள்.

இன்னொரு விதமான நழுவலும் உண்டு. அது நம் நாட்டிலேயே நடந்தது. குஜராத்தின் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்வேதிப் பொருள்கள் ஆராய்ச்சி நிறுவனம், காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து பயோடீசல் செய்யும்போது பக்கத்தில் வரும் கிளிசராலை உணவாக இட்டுக் கடல் பாக்டீரியாக்களில் பி.எச்.ஏ. வளர்த்தது. ஆய்வு நன்றாகவே அமைந்தது. ஆனால் 2009ஆம் ஆண்டு உயிரி எரிபொருள் கொள்கை 2017க்குள் இருபது விழுக்காடு கலப்பைக் குறிக்கோளாக வைத்தபோது எதிர்பார்த்த காட்டாமணக்குத் தோட்டங்கள் எழவே இல்லை. அந்த நுண்ணுயிரி தயாராக இருந்தது. அதற்குச் சோறிட வேண்டிய தொழில்தான் பிறக்கவில்லை. கழிவை நம்பித் தொடங்கும் தொழில், இன்னொரு தொழிலின் நிழலில் நிற்கிறது. மரம் வளர்ந்தாலும் வெட்டப்பட்டாலும் நிழல் நம் கையில் இல்லை.

இவ்விடத்தில் பிரேசிலைச் சொல்ல வேண்டும். சாவோ பாவுலோ மாநிலத்தில் செர்ரானா என்ற ஊரில், ஒரு சர்க்கரை ஆலைக்குள்ளேயே 1990களில் பி.எச்.பி. முன்னோடி ஆலை ஒன்றை அமைத்தார்கள். அவர்கள் கழிவைத் தேடவில்லை, சர்க்கரையையே இட்டார்கள். வெப்பத்துக்குக் கரும்புச் சக்கை, நெகிழியைக் கரைத்துப் பிரிக்க வடிப்பாலையிலேயே பக்கத்தில் வரும் கனமான ஆல்கஹால்கள். பெரிய வணிகமாக அது வளரவில்லை என்றாலும், செலவு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பதை அவர்கள் சரியாகப் பார்த்தார்கள் என்பது என் எண்ணம். நாம் உணவுக் கிண்ணத்தை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் ஆய்வின் மூன்றாம் ஆண்டில் மொலாசஸ் வரத்து நின்றது. ஆலையைக் குறை சொல்ல எதுவுமில்லை. விற்கக்கூடிய பொருளை யாரும் கேன் கேனாகத் தரமாட்டார்கள். நெறியாளர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. பணம் கொடுத்து வாங்கிப் பழைய தடத்திலேயே சென்று, ஏற்கெனவே நன்றாக இருந்த விளைச்சலை இன்னும் உயர்த்திக் கட்டுரைகளை முடிப்பது ஒன்று. யாரும் கேட்காத பொருளுக்குப் போவது மற்றொன்று. உதவித்தொகைக் காலம் எண்ணி முடிந்துகொண்டிருந்த வேளையில் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க அவர் என்னை வற்புறுத்தவில்லை, நானே கேட்டேன். இன்றும் சில இரவுகளில் விரல்விட்டு மாதங்களை எண்ணுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த யாரும் கேட்காத பொருள், ஸ்பென்ட் வாஷ். மொலாசஸைப் புளிக்கவைத்து ஆல்கஹாலை வடித்தெடுத்தபின் கலத்தின் அடியில் மிஞ்சும் கரிய நீர். ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு எட்டு முதல் பதினைந்து லிட்டர் வரை இது வருகிறது. நாளொன்றுக்கு அறுபதாயிரம் லிட்டர் ஆல்கஹால் வடிக்கும் ஓர் ஆலையில், பத்து லிட்டர் என்று கொண்டாலும், நாளுக்கு ஆறு லட்சம் லிட்டர். இதன் வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் மில்லிகிராம். வீட்டுச் சாக்கடை நீரில் அது ஐந்நூறை ஒட்டி இருக்கும். கேனைத் திறந்தால் எரிந்த வெல்லமும் புளித்த மாவும் கலந்த வாடை, அன்று முழுவதும் துணியில் நிற்கும். விடுதியில் என் துணிகளைத் தனியே துவைக்கச் சொல்லி ஓர் ஒப்பந்தமே இருக்கிறது.

இதையும் இப்போது ஆற்றில் விடக் கூடாது. ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாதென்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் கேட்பதால் ஆலைகள் மீத்தேன் எடுக்கின்றன, சர்க்கரை ஆலையின் பிரஸ் மட்டோடு கலந்து உரமாக்குகின்றன, அல்லது வற்றவைத்துக் கொதிகலனில் எரிக்கின்றன. எரித்த சாம்பலில் பொட்டாசியம் மிகுதி. 14.5 விழுக்காடு பொட்டாஷ் உள்ள அந்தப் பொருள் இப்போது மானியம் பெறும் உரங்களில் ஒன்று. ஆம், சாம்பலுக்கும் விலை வந்துவிட்டது. ஆகவே நான் ஒரு லிட்டர் ஸ்பென்ட் வாஷை நெகிழிக்கு எடுத்தால் ஓரிடத்தில் மீத்தேன் குறைகிறது. அந்த வெப்பத்துக்கு ஆலை வேறு எதையோ எரிக்கும். இதையும் என் ஆய்வேட்டில் ஓர் அட்டவணையாகச் சேர்த்திருக்கிறேன்: நான் எடுத்த ஒவ்வொரு பொருளும் நான் எடுப்பதற்கு முன் எங்கே போய்க்கொண்டிருந்தது, யார் வாங்கினார்கள், நான் எடுத்ததால் அங்கே என்ன குறைந்தது. குழுவுக்குச் சிக்கலாகத் தோன்றியது தலைப்பைக் காட்டிலும் இந்த அட்டவணைதான் என்று எனக்கு ஓர் ஐயம்.

ஸ்பென்ட் வாஷில் எல்லா நுண்ணுயிரியும் வளராது. அதன் கரிய நிறத்துக்குக் காரணமான மெலனாய்டின்களும் பீனால்களும் பலவற்றைக் கொல்லும், உப்பும் மிகுதி. உப்பை விரும்பும் ஓர் உயிரியைத் தேடுவது இயல்பு. கொல்கத்தாவின் யாதவ்பூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் ஹாலோஃபெராக்ஸ் மெடிட்டரேனி என்ற உயிரியை, கரித்தூளால் ஓரளவு சுத்தம் செய்த ஸ்பென்ட் வாஷில் வளர்த்து நெகிழி எடுத்துக் காட்டினார்கள். பலர் இதைப் பாக்டீரியா என்று எழுதிவிடுகிறார்கள். இது ஆர்க்கியா, வேறொரு பெருங்குலம். ஸ்பெயினின் உப்பளத்திலிருந்து வந்தது. கடல்நீரைவிடப் பல மடங்கு உப்புள்ள நீரில் வேறெதுவும் எளிதில் வளராதாகையால், ஊடகத்தைக் கொதிக்கவைத்துக் கிருமி நீக்கும் செலவு பெரிதும் குறைகிறது. வேலரேட் அலகைத் தானே கோத்துக்கொள்கிறது. எல்லாவற்றையும்விட அழகு, நல்ல தண்ணீரில் போட்டால் செல் தானே வெடித்து மணிகளைக் கொட்டிவிடுகிறது.

இந்தக் கடைசிச் செய்தியின் அருமை, மற்ற உயிரிகளிலிருந்து நெகிழி பிரிப்பவர்களுக்கே தெரியும். ஆய்வகங்களில் நெடுங்காலமாக அதற்குக் குளோரோஃபார்ம்தான். பசுமை நெகிழி பற்றிய ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் லிட்டர் லிட்டராகக் குளோரோஃபார்ம் ஓடும். ஏழாம் அத்தியாயத்தில் சுற்றுச்சூழல் காக்கப்படும். இடையில் அந்தக் குளோரோஃபார்ம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. வாய்மொழித் தேர்வில் ஒருவராவது கேட்க வேண்டும் என்று காத்திருக்கிறேன்.

ஹாலோஃபெராக்ஸிலும் நான் எதிர்பார்த்தது எல்லாம் நடந்துவிடவில்லை. மொலாசஸில் கிடைத்த விளைச்சலில் பாதியைக்கூட இதுவரை எட்டவில்லை. ஒவ்வொரு பருவத்து ஸ்பென்ட் வாஷும் ஒவ்வொரு விதம். பருவத் தொடக்கத்துக் கேனில் வளர்ந்தது கடைசிக் கேனில் திணறும். இவற்றைவிடப் பெரிய இடறல் உப்பு. லிட்டருக்கு இருபது கிராம் நெகிழி கிடைத்தாலே பெருவெற்றி. அதற்கு லிட்டருக்கு இருநூறு கிராம் வரை உப்பு வேண்டும். ஒரு பங்கு நெகிழிக்குப் பத்துப் பங்கு உப்பு. பாவ்நகர்போல் உப்பளம் பக்கத்திலிருந்தால் ஒரு வழி உண்டு. கரும்பு விளையும் உள்நாட்டில், வயலுக்கு நடுவில், அந்த உப்புநீரை எங்கே கொண்டுபோய் வைப்பது? மீட்டெடுத்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும்; எத்தனை சுற்று வரை உயிரி தாங்கும் என்பதுதான் இப்போது நான் செய்துகொண்டிருக்கும் சோதனை. உப்பை மீட்காத ஸ்பென்ட் வாஷ் நெகிழி, கருப்புக் கழிவை வெள்ளைக் கழிவாக மாற்றித் தரும் வித்தை மட்டுமே.

கழிவுநீரும் சுத்தமாகும், நெகிழியும் கிடைக்கும் என்ற இரட்டை வாக்குறுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நுண்ணுயிரி கொழுப்பது கார்பன் மிஞ்சியிருக்கும்போது; நீர் சுத்தமாவது கார்பன் தீர்ந்துபோகும்போது. இரண்டும் ஒரே கலத்துக்குள் ஒன்றையொன்று எதிர்த்திசையில் இழுக்கின்றன. மேலும், என் உயிரி உண்பது எளிதில் உண்ணத்தக்க அமிலங்களையும் எஞ்சிய சர்க்கரையையும் மட்டுமே. மெலனாய்டினை அது தொடுவதில்லை. நெகிழி எடுத்த பின்னும் கேனில் இருக்கும் நீர் கருப்பாகவே இருக்கிறது. இந்த ஒரு புகைப்படத்தை ஆய்வேட்டில் போட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பஞ்சகங்கைக் கரையில் வாழ்பவர் ஒருவர் என் ஆய்வின் தலைப்பை மட்டும் படித்தால் இனி ஆறு தெளிந்துவிடும் என்று நினைக்கக்கூடும். அந்த எண்ணத்துக்கு நான் காரணமாகக் கூடாது.

அப்படியானால் இந்த ஆய்வை ஏன் விட்டுவிடவில்லை என்று கேட்கலாம். நெகிழி தேவைப்படாமல் போகப்போவதில்லை. 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் சிலவற்றுக்கு நாடு முழுவதும் தடை. 2024இல் திருத்திய விதிகளில், மக்கும் நெகிழி நுண்நெகிழித் துகள் எதையும் மிச்சம் வைக்கக் கூடாதென்று வரையறை வந்துவிட்டது. அந்த வரையறைக்கு ஏற்ற பொருள்கள் மிகச் சில. அவற்றுள் பி.எச்.ஏ. ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. அறுவை மருத்துவத்தில் தையல்நூலாக, நாற்றங்காலில் மண்ணோடு போய்விடும் உறையாக, கடலில் தொலைந்துபோகும் மீன்பிடிக் கருவிகளின் உறுப்பாக, அதாவது திரும்பச் சேகரிக்கவே முடியாத இடங்களில், நூறு ரூபாய் பாலிப்ரொப்பிலீனோடு அதை ஒப்பிட வேண்டிய தேவையே இல்லை. பால் பாக்கெட்டுக்கு மாற்றாக அதை முன்னிறுத்துவது கேட்க இனிமையாக இருக்கிறது, அவ்வளவே. ‘கழிவிலிருந்து வருவதால் மலிவு’ என்று தொடர்ந்து சொல்லி வந்தால், மலிவாக இல்லாத நாளில் பொருளையே நிராகரித்துவிடுவார்கள். பயோபோலுக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுதான்.

குழு இன்னும் முடிவு சொல்லவில்லை. தலைப்பில் அந்தச் சொல் இல்லாவிட்டால் அடுத்த நிதி விண்ணப்பத்தில் எங்கள் ஆய்வகம் எந்தப் பிரிவில் விண்ணப்பிக்கும் என்ற கேள்வி நியாயமானது. என் இளையவர்கள் இருவரின் உதவித்தொகை அதில் இருக்கிறது. அவர்களோடு உட்கார்ந்து பேசினேன். ஒருவர் மாற்றலாம் என்கிறார். மற்றவர், தலைப்பு அப்படியே இருக்கட்டும், அட்டவணை உள்ளே இருக்கிறதே அக்கா என்கிறார். அவர் சொல்வதில் உள்ள நடைமுறை ஞானத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தலைப்பை மட்டும் படிப்பவர்கள் எத்தனை பேர் என்பதும் நமக்குத் தெரியும்.

இதற்கிடையில் ஓர் உதவி வேண்டும். வடிப்பாலைகளிலும் அவற்றின் கழிவுநீர்ப் பிரிவுகளிலும் பணிபுரியும் நண்பர்கள், மாணவர்கள் யாரேனும் இதைப் படித்தால், பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் உங்கள் ஸ்பென்ட் வாஷின் பொட்டாசியம், குளோரைடு அளவுகள் எவ்வளவு மாறுகின்றன என்பதை எழுதுங்கள். உப்பை எத்தனை சுற்று திருப்பி இடலாம் என்ற கணக்கு அதில்தான் நிற்கிறது. அளவும் மாதமும் இருந்தால் போதும், ஆலையின் பெயர் வேண்டாம்.